கிரேக்கம் பாதி, லத்தீன் பாதி

ஜமீன்தார் திருமலையப்பர் புதிதாக மோட்டார் வாங்கியிருந்த சமயம். விருந்துக்கு வந்த கலெக்டர், டிரைவர் தஸ்தகீரை இரண்டு தடவை பாராட்டிவிட்டார். ஜமீன்தாருக்குப் பொறுக்கவில்லை.

“தஸ்தகீர், ஆட்டோமொபைல்னா என்ன அர்த்தம், சொல்லு பார்ப்போம்.”

“தெரியாதுங்க எஜமான்.”

“ஆட்டோங்கிறது கிரேக்கம், தானாகன்னு அர்த்தம். மொபைல் லத்தீன், நகர்றதுன்னு அர்த்தம். தானா நகர்ற வண்டிக்கு நீ எதுக்கு? இன்னையோட நின்னுக்கோ.”

“உத்தரவுங்க,” என்றார் தஸ்தகீர். என்ஜினைக் கிளப்ப முன்னால் நின்று சுழற்றும் இரும்பு ஹேண்டிலை சீட்டில் வைத்துவிட்டு, வேப்பமரத்தடியில் போய் நின்றுகொண்டார்.

கலெக்டருக்கு ரயிலைப் பிடிக்க வேண்டும். ஜமீன்தாரே ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். ஹாரனை அடித்தார், காலால் எதையெதையோ மிதித்தார். வண்டி அசையவில்லை. கலெக்டர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

கடைசியில் ஜமீன்தார் இறங்கி வந்து ஹேண்டிலை நீட்டினார். “என்னய்யா, நகரமாட்டேங்குது?”

தஸ்தகீர் இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

“எஜமான் சொன்ன அர்த்தம் சரிதாங்க. கிரேக்கத்துக்கும் லத்தீனுக்கும் முன்னால நின்னு இதைச் சுத்த ஒருத்தன் வேணும், அவ்வளவுதாங்க.”