உலகம்மை தைத்த மெத்தை

ஆற்றங்கரை மடத்துச் சாமிக்கு ஆவுடையம்மாளைவிட வயது ரொம்பக் குறைவு. ஒட்ட வெட்டிய தலையும் காவிச் சேலையுமாக அந்தப் பெண் மடத்துக்கு வந்து சேர்ந்த புதிதில் ஊரில் யாரும் பெரிதாக மதிக்கவில்லை. இப்போது எல்லாருக்கும் அவர் சாமி. ஆவுடையம்மாள் அவரிடம் உபதேசம் வாங்கிக்கொண்டவள். வெள்ளிக்கிழமைதோறும் மடத்துக்குப் போவாள். கஞ்சி காய்ச்ச உதவுவாள். அவள் அவரைச் சாமி என்பாள். அவர் அவளை அக்கா என்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் கையில் ஒரு சின்ன மெத்தையோடு போனாள்.

"சாமி, இத யாருக்காவது குடுத்திருங்க."

சாமி வாங்கிப் பார்த்தார். கீழே போட்டு உட்காருகிற இலவம்பஞ்சு மெத்தை. நீலக் கட்டம் போட்ட துணி. கையால் தைத்தது. தையல் ஓரிடத்தில் நெருக்கமாகவும் ஓரிடத்தில் அகலமாகவும் ஓடியது. நீல நூல் தீர்ந்துபோய், கடைசிப் பக்கத்தைச் சிவப்பு நூலில் முடித்திருந்தது.

"யார் தச்சது?"

"எம் மவ."

"யாருக்கு?"

"எனக்குத்தான். எனக்கு வேண்டாம்."

சாமி அதை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்.

ஆவுடையம்மாளுக்கு ஒரே மகள், உலகம்மை. புருஷன் போன பிறகு அவள் ஒருத்தியை வைத்துத்தான் வீட்டில் பேச்சும் சிரிப்பும் இருந்தது. படித்து முடித்தவளுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்தது. விடுதியில் இருக்கிறேன் என்று சொல்லியிருந்தால்கூட ஆவுடையம்மாள் மனதைத் தேற்றியிருப்பாள். தனியாக ஒரு சின்ன வீடு பார்த்து அட்வான்ஸும் கொடுத்துவிட்டேன் என்றாள் மகள்.

"கல்யாணம் ஆவாத பிள்ள தனியா வீடெடுத்துத் தங்குததா? ஊருல என்னட்டி சொல்லுவாவ?"

"ஊரு என்னத்தையும் சொல்லட்டும்மா. நீயும் எங்கூட வா."

"இந்த வீட்டப் பூட்டிட்டு நான் எங்கயும் வர மாட்டேன்."

அன்றோடு அவள் மகளிடம் பேச்சை நிறுத்தினாள்.

மகள் பாட்டுக்குப் பெட்டி கட்டினாள். பாத்திரம் ஒதுக்கினாள். நடுவில் கொல்லைப்புறத்து இலவமரத்துக்குக் கீழே உட்கார்ந்து, வெடித்த காய்களைப் பிரித்துக் கொட்டை எடுத்தாள். தையல் அவளுக்கு வராது. ஊசி குத்திய விரலை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். புது வீட்டுக்குத் தலையணை தைக்கிறாளாக்கும் என்று ஆவுடையம்மாள் நினைத்தாள். பஞ்சுத் தூசியில் மகள் தும்மும்போதெல்லாம், நல்லாத் தும்மட்டும் என்று இருந்தது அவளுக்கு.

கிளம்புகிற அன்று காலையில் உலகம்மை அந்த மெத்தையைக் கொண்டுவந்து அம்மா மடியில் வைத்தாள்.

ஆவுடையம்மாள் முந்தின வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்தவள். அதிலிருந்து வெறுந்தரையில் உட்கார்ந்தால் முதுகுத்தண்டின் அடியில் சுள்ளென்று வலிக்கும்.

"இதுல உக்காரும்மா. வலிக்காது."

"பெத்தவள விட்டுட்டுப் போறவ மெத்த தச்சுக் குடுத்துட்டுப் போறியோ? இதுல உக்காந்து வாசலப் பாத்துக்கிட்டே கெடன்னா?"

வாசலில் ஆட்டோ நின்றது. உலகம்மை சாமான்களை ஏற்றினாள். ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். ஆவுடையம்மாள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மெத்தை மடத்துக்குப் போனது இப்படித்தான்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் அடிக்கும். ஆவுடையம்மாள் எடுக்க மாட்டாள். அடித்து ஓய்கிறவரை பக்கத்திலேயே நிற்பாள். மகள் சங்கதியெல்லாம் எதிர்வீட்டுச் செல்லக்கனி வழியாகத்தான் வந்தது. அப்படித்தான் ஒரு நாள் செல்லக்கனி சொன்னாள்: உலகம்மைக்குக் கடுமையான காய்ச்சலாம். தண்ணீர் எடுத்துக் கொடுக்க ஆளில்லாமல் கிடந்து எழுந்திருக்கிறாளாம். "அம்மாட்ட சொல்லாதிய, சித்தி" என்றாளாம்.

ஆவுடையம்மாள் அன்றைக்கு அடுப்பு பற்றவைக்கவில்லை.

பங்குனி உத்திரம் நெருங்கியது. குலசாமி கும்பிட மகள் வருகிறாள் என்று செல்லக்கனி சொன்னாள். ஆவுடையம்மாள் வீட்டை ஒட்டடை அடித்தாள். மகள் படுக்கிற கட்டிலை வெயிலில் போட்டாள். எல்லாம் செய்து முடித்த பிறகு அவளுக்கு மெத்தை ஞாபகம் வந்தது. வந்ததும் மகள் கண் அதைத்தான் தேடும்.

வெள்ளிக்கிழமை வரை பொறுக்கவில்லை. அப்போதே மடத்துக்குப் போனாள்.

"சாமி, அந்த மெத்தைய யாருக்குக் குடுத்திய?"

"வாங்க, காட்டுதேன்."

சாமி முன்னால் நடந்தார். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம், தகரம் போட்ட ஒரு வீடு. சுடலை என்கிறவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். லாரியில் லோடு ஏற்றுகிறவன். மூட்டையோடு விழுந்து இடுப்புக்குக் கீழே விளங்காமல் போய்விட்டது. விடிந்தால் பொழுது அடைகிற வரைக்கும் அதே சுவர், அதே இடம். அவனுக்கு அடியில் நீலக் கட்டம் தெரிந்தது.

"வாங்க சாமி." அவன் கும்பிட்டான். "இந்த அம்மா யாரு?"

"மெத்தை இவங்க குடுத்ததுதான்."

சுடலை கையெடுத்தவன் இறக்கவே இல்லை.

"தாயி, இது இல்லன்னா நான் புழுத்துப் போயிருப்பேன். குளுந்து கெடக்கும். தச்ச கை நல்லா இருக்கணும்."

ஆவுடையம்மாள் தலையை ஆட்டினாள். வெளியே வந்ததும் சாமி கேட்டார்.

"திருப்பிக் கேக்கலையா?"

"எப்படி சாமி கேக்க?"

"அப்ப விட்டுருங்க."

அவள் விடவில்லை. மறுநாள் கடைத்தெருவில் நல்ல ரப்பர் மெத்தை ஒன்று வாங்கிக்கொண்டு தனியாகப் போனாள். சுடலையின் பெண்சாதி பேச்சியிடம் மெதுவாகச் சொன்னாள். எம் மவ எனக்குன்னு தச்சது, அறியாமக் குடுத்துட்டேன், அதுக்கு இது புதுசு என்றாள். பேச்சி புருஷனைப் பார்த்தாள்.

"மவ தச்சதா?" என்றான் சுடலை. "அப்ப அது அம்மாகிட்டதான் இருக்கணும். எடுத்துக் குடுட்டி."

பேச்சி அவனைக் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கிப் பிடித்தாள். ஆவுடையம்மாள் குனிந்து உருவினாள்.

மெத்தை சூடாக இருந்தது.

வீட்டுக்கு வந்து பார்த்தாள். நடுவில் பஞ்சு அமுங்கிப் பள்ளம் விழுந்திருந்தது. நீலம் வெளுத்துப்போயிருந்தது. பிரித்துத் துவைத்தால் மகளின் தையல் போய்விடும். அதனால் ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து வெயிலில் போட்டாள். சாம்பிராணிப் புகை காட்டினாள். நடுக்கூடத்துச் சுவரோரம் அதைப் போட்டாள். தான் மட்டும் அதில் உட்காரவில்லை. உட்காரப் போனபோது கால் மடங்கவில்லை.

உலகம்மை வந்தாள். இளைத்திருந்தாள். வாசலில் நின்றபடி, "வரலாமாம்மா?" என்றாள்.

"இது என்ன கேள்வி? உள்ள வா."

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவள் மெத்தையைப் பார்த்தாள். பையைக் கீழே போட்டாள். குனிந்து அந்தப் பள்ளத்தைத் தடவினாள்.

"இவ்ளோ தேஞ்சிருக்கு. தெனமும் உக்காந்தியாம்மா?"

ஆவுடையம்மாள் வாயைத் திறந்தாள். சொல்லிவிடத்தான் நினைத்தாள்.

"ம்" என்றாள்.

உலகம்மை அப்படியே தரையில் உட்கார்ந்து அம்மா மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். முதுகு குலுங்கியது.

"நீ அத அன்னைக்கே தூக்கிப் போட்டிருப்பன்னு நெனச்சேம்மா. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும், நீ போன எடுக்காதப்பல்லாம், அதத்தான் நெனப்பேன்."

ஆவுடையம்மாள் மகளின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

குலசாமி கும்பிட்டார்கள். அவியலும் சொதியும் வைத்தாள். மகள் கோயம்புத்தூர் வீட்டைப் பற்றிச் சொல்லச் சொல்லக் கேட்டாள். அவளுக்கு வாய்த்த நல்ல நாட்கள் என்றால் அவைதான். அந்த நாட்களில் அவள் ஒரு வாய்ச் சோற்றையும் ருசித்துத் தின்னவில்லை.

ஊருக்குத் திரும்புகிற அன்று உலகம்மை மெத்தையை மடக்கிப் பைக்குள் திணித்தாள்.

"அத ஏன்ட்டி எடுக்க?"

"இது எனக்கும்மா. உனக்கு வேற தச்சு அனுப்புதேன். அங்க படுத்தாத் தூக்கமே வர மாட்டேங்குது. தலைக்கு வச்சுக்கிடுதேன். நீ உக்காந்த சூடு இதுல இருக்கும்."

"வேண்டாம்ட்டி. அழுக்கு."

"உன் அழுக்குதானம்மா."

ஆட்டோ தெருமுனை திரும்புகிறவரை ஆவுடையம்மாள் வாசலில் நின்றாள்.

அதற்குப் பிறகு போன் தினமும் வந்தது. ஆவுடையம்மாள் முதல் மணியிலேயே எடுத்தாள். மகள் பேச்சில் பழைய கலகலப்பு திரும்பியிருந்தது. சாப்பிட்டியா என்பாள் இவள். சாப்பிட்டேன், நீ என்பாள் அவள். நல்லாத் தூங்குதேம்மா, உன் மடியில தல வச்சாப்புல இருக்கு என்பாள். போனை வைத்த பிறகு ஆவுடையம்மாள் வெறுந்தரையில் போய் உட்காருவாள். வலி வரும். வரட்டும் என்று எழுந்திருக்க மாட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் மடத்துக்குப் போனபோது, சாமி அம்மியில் மஞ்சளும் வேப்பிலையும் வைத்து அரைத்துக்கொண்டிருந்தார்.

"யாருக்கு சாமி?"

"சுடலைக்கு. ரப்பர் சூடு ஒத்துக்கல. இடுப்புக்குக் கீழ புண்ணு."

ஆவுடையம்மாள் சாமி கையிலிருந்து குழவியை வாங்கி அரைத்தாள். அரைக்க அரைக்கக் கண்ணில் தண்ணீர் வந்தது. துடைக்கவில்லை.

"மரத்துல காய் வெடிச்சிருக்கு சாமி. நானே ஒண்ணு தச்சுக் கொண்டுபோயிக் குடுக்குதேன்."

"குடுங்க."

"அன்னைக்கு நான் கொண்டுவந்து குடுத்தப்பவே நீங்க தடுத்திருக்கலாம்."

"தடுத்திருந்தா வீட்டுக்குக் கொண்டு போயிருப்பீங்களா?"

அவள் யோசித்தாள்.

"இல்ல. ஆத்துல போட்டிருப்பேன்."

சாமி விழுதை வழித்து வாழையிலையில் வைத்தார். ஆவுடையம்மாள் எழுந்திருக்கவில்லை.

"சாமி, எம் மவகிட்ட சொல்லிரட்டுமா?"

"என்னத்த?"

"அதுல நான் ஒரு நாளும் உக்காந்ததில்லன்னு. அந்தப் பள்ளம் எம் பள்ளம் இல்லன்னு."

"மெத்தை இப்ப எங்க இருக்கு?"

"அவ தலைமாட்டுல."

"தூங்குதாளா?"

"நல்லாத் தூங்குதேன்னு சொல்லுதா."

"நீங்க?"

"எனக்குப் பொட்டுத் தூக்கம் இல்ல. அவ அம்மான்னு கூப்பிடுதப்பல்லாம் நெஞ்சுல பாராங்கல்லத் தூக்கி வச்சாப்புல இருக்கு. சொல்லிட்டா எறங்கிரும் சாமி."

சாமி இலையை மடித்து நாரால் கட்டினார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார்.

"அந்தக் கல்ல எறக்கி வைக்க அந்தப் பிள்ள தலைமாடுதான் கெடச்சுதா, அக்கா?"