சன்னல் மார்க் தீப்பெட்டி

கரிசக்காட்டுப் பக்கம் ஒரு ஊர்ல ஒரு சீனித்தாய் இருந்தா. "ம்" கொட்டு தாயி, அப்பத்தான் சொல்லுவேன். ஆங்.

அவளுக்குக் கஞ்சிக்கே இழுபறி. ஆத்தாளுக்குக் கண்ணு தெரியாது. சீனித்தாய் தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போனாத்தான் ரெண்டு பேருக்கும் உலை கொதிக்கும். டொக்கு டொக்குனு குச்சிய வரிசையாக் கட்டையில அடுக்குவா. மருந்து முக்குன குச்சியக் காயப் போடுவா. காயப் போடுற ரூமுல சாயங்காலம் சன்னலச் சாத்துறது அவ பொறுப்பு.

ஒரு நாள் ஆத்தாளுக்குக் காய்ச்சல்னு சேதி வந்துச்சு. விழுந்தடிச்சு ஓடிட்டா. சன்னல மறந்தே போனா! அப்புறம் பெஞ்சுது பாரு மழை, சோ...ன்னு.

மறுநாள் தாமதமா வந்து பாத்தா, சன்னல் ஆ...ன்னு திறந்து கெடக்கு, கீழ ஒரே ஈரம். அதுக்குள்ள குச்சியெல்லாம் பெட்டியில அடைச்சு லாரியில ஏத்திக்கிட்டு இருக்காக.

"நிறுத்துங்க, நிறுத்துங்க!"ன்னு கத்துனா.

கூட வேலை பாக்குற பேச்சி காதுல சொன்னா, "வாய மூடு புள்ள. சோலி போயிரும்." இவ கேக்கல. அப்புறம் கங்காணி வந்தாரு. "ஒங்கூட வேலை பாக்குற செல்லக்கனி இன்னைக்கு வரல. அவதான் திறந்து போட்டான்னு சொல்லிரு."

"அவ புள்ளைகளும் கஞ்சி குடிக்கணும்ல, அண்ணாச்சி"ன்னுட்டா.

மூணாவதா முதலாளி தங்கப்பழமே வந்து நின்னாரு. "லாரி ஏன் நிக்குது?"

அவளுக்கு ஆத்தா மூஞ்சிதான் கண்ணுல நிக்குது. ஆனாலும் சொல்லிட்டா. "குச்சி நமத்திருக்கு முதலாளி. சன்னலச் சாத்தாமப் போனது நான்தான்."

"வெளிய போ!"ன்னாரு. அழுதுக்கிட்டே நடந்தா, பாவம்.

தூங்கிட்டியா? ம்... அதான பாத்தேன்.

அப்போ முதலாளி ஒரு குச்சிய உரசுனாரு. சர்க்... புஸ்! இன்னொண்ணு. சர்க்... புஸ்! மூணாவதுக்கு மருந்தே பிஞ்சு விழுந்துருச்சு. இந்தச் சரக்கு ஊரு போய்ச் சேந்திருந்தா அவரு பேரு என்னாகும்? சரக்க எறக்கச் சொல்லிட்டு, தடதடன்னு அவ குடிசைக்கே ஓடுனாரு.

"யம்மா, இந்தா, சரக்கு வைக்கிற கிட்டங்கிச் சாவி. இனிமே நீதான் பூட்டணும்."

அப்புறம் அவ மேஸ்திரி ஆனா. அப்புறம் சொந்தமாவே ஒரு தீப்பெட்டி ஆபீசு வச்சா! மத்தவுக லேபிள்ல கிளி, மயிலுன்னு படம் போட்டாக. இவ என்ன போட்டா தெரியுமா? திறந்து கெடக்குற சன்னலு!

"எதுக்குத்தா ஒன் தப்ப ஊருக்கெல்லாம் காட்டுத?"ன்னு கேட்டாக.

"அதச் சொன்னதுனாலதான நான் இங்க உக்காந்திருக்கேன்"னா.

அவதான் என்னையப் பெத்தவ. எங்க வேணாலும் நெஞ்ச நிமித்திச் சொல்லுவேன்.

கதை அம்புட்டுதான். நம்ம வீட்டுச் சன்னலச் சாத்தியாச்சு, நீயும் கண்ண மூடு தாயி.