மாதுளம்பழ நிறக் கூறைப்புடவை

கோமளவல்லிக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. மகளின் கல்யாண ஆல்பத்தை அவள் பார்ப்பதற்கு முன்பே சம்பந்தியம்மாள் பார்த்துவிட்டாள். பார்த்ததும் போன் போட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"நாங்க எடுத்துக் கொடுத்த கூறைப்புடவையைப் பாதி முகூர்த்தத்துல மாத்திட்டீங்களா?"

கேட்டதில் தப்பில்லை. கொடுத்தது மாதுளம்பழ நிறம். ஆல்பத்தில் இடது பக்கமெல்லாம் செங்கல் நிறம், வலது பக்கமெல்லாம் கத்தரிக்காய் நிறம். ஞாயிற்றுக்கிழமை மகனோடு வந்து புடவையை நேரில் பார்ப்பதாகச் சொல்லி வைத்துவிட்டாள். மகளுக்கு மாமியார் வீட்டில் திருட்டுப்பட்டம் வந்துவிடுமோ என்று கோமளவல்லி பயந்தாள்.

படம் எடுத்தவர்கள் வடமலையும் பச்சைமுத்துவும். அண்ணன் தம்பி. ஸ்டூடியோ ஒன்று, கேமரா ஆளுக்கொன்று, அதுவும் வேறு வேறு கம்பெனி. அண்ணன் கேமரா எதையும் கொஞ்சம் சிவக்க வைக்கும், தம்பியுடையது நீலம் பூசும். கோமளவல்லி போய் நின்று, ஒருத்தர் படம் மாதிரி இன்னொருத்தர் படத்தைக் கம்ப்யூட்டரில் மாற்றித் தரச் சொன்னாள்.

இரண்டு பேரும் முதுகோடு முதுகாக உட்கார்ந்து சாயங்காலம்வரை உழைத்தார்கள். அண்ணன் தன் படங்களைத் தம்பி படம் மாதிரி மாற்றினான். தம்பி தன்னுடையதை அண்ணன் படம் மாதிரி மாற்றினான். இப்போது இடது பக்கம் கத்தரிக்காய், வலது பக்கம் செங்கல்.

"ரெண்டு பேரும் மாத்தினா எப்படிப்பா? ஒருத்தர் சும்மா இருங்க" என்றாள்.

மறுநாள் போனால் வடமலை சும்மா உட்கார்ந்திருந்தான். அண்ணன் சும்மா இருக்கும்போது தான் முந்திக்கொண்டு வேலை செய்வது மரியாதையில்லை என்று பச்சைமுத்துவும் சும்மா உட்கார்ந்திருந்தான்.

"யாருன்னு நீங்க பேர் சொல்லலையேக்கா" என்றான் வடமலை.

சனிக்கிழமை அவள் புடவையையே கொண்டுபோய் மேசையில் வைத்தாள். நாளைக் காலையில் இதுவும் ஆல்பமும் ஒன்றுபோல இருந்தாக வேண்டும் என்று கண்கலங்கச் சொல்லிவிட்டு வந்தாள். அவள் போனபின் அங்கே பெரிய ஆலோசனை நடந்ததாம்.

"ரெண்டு பேரும் மாத்திப் பார்த்தோம், ஆகலை. ரெண்டு பேரும் சும்மா இருந்து பார்த்தோம், அதுவும் ஆகலை" என்றான் அண்ணன்.

"அப்ப தப்பு நம்ம மேல இல்லண்ணே. இதுவரைக்கும் கொஞ்சம்கூட மாறாம இருக்கறது யாரு?"

இருவரும் புடவையைப் பார்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சம்பந்தியம்மாளும் மாப்பிள்ளையும் வந்து உட்கார்ந்த நேரத்தில் அண்ணன் தம்பியும் வந்து சேர்ந்தார்கள். புடவை இன்னும் ஈரமாக இருந்தது. முந்தானையிலிருந்து பாதிவரை செங்கல் நிறம், மீதி கத்தரிக்காய் நிறம். கோமளவல்லி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

சம்பந்தியம்மாள் ஆல்பத்தை ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி, புடவையோடு வைத்துப் பார்த்தாள். கடைசிப் பக்கம்வரை பார்த்தாள்.

"நம்ம புடவையேதான். ரெண்டு நிறத்துல எடுத்தது எனக்குத்தான் மறந்து போச்சு. மனசுல வச்சுக்காதீங்க சம்பந்தி" என்றாள்.

கோமளவல்லிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஆனால் வடமலை வாசலைவிட்டு நகரவில்லை.

"மாப்பிள்ளையும் ஆல்பத்துல ரெண்டு நிறமா இருக்காருக்கா. சாயம் மீதி இருக்கு. ஒரு மணி நேரம் அனுப்பினீங்கன்னா போதும்."

சம்பந்தியம்மாள் ஆல்பத்தைப் பார்த்தாள். மகனைப் பார்த்தாள். மறுபடி ஆல்பத்தைப் பார்த்தாள்.

"புதுச் சட்டைடா," என்றாள். "கழட்டி வச்சுட்டுப் போ."