அரண்மனைக்குள் வந்த வெள்ளம்

முன்னொரு காலத்தில் ஒரு பெருநகரில் மூன்று நாள் விடாமல் மழை கொட்டியது. வெள்ளம் அரண்மனைக்குள் புகுந்து அரசரின் கட்டில்வரை ஏறிவிட்டது. தண்ணீர் வடிந்த பிறகும் அரசரின் சந்தேகம் வடியவில்லை. தம் தாத்தா காலத்திலும் வராத வெள்ளம் இப்போது வந்ததென்றால் யாரோ சதி செய்திருக்க வேண்டும் என்று நினைத்தார்.

நகரத் தலைவர் திருவரங்கர் அதற்குத் தூபம் போட்டார். குயவர்கள் மண்ணெடுக்க ஆற்றங்கரையை வெட்டியதால் வந்த வினை என்று சொல்லி, எண்பது குடும்பங்களை ஊருக்கு வெளியே விரட்ட ஆணை வாங்கினார். அதிலிருந்து ஐந்தாம் நாள், நகரத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் குடவோலைத் தேர்தல். ஊருக்குள் குடியிருப்பவர்களுக்கு மட்டுமே ஓலை போட உரிமை.

குயவர்கள் திருவரங்கருக்கு ஆகாதவர்கள், அவருக்கு ஓலை போடமாட்டார்கள் என்பதை அரசவை விகடன் மாசிலான் அறிவான். கரை நெடுகப் போய்ப் பார்த்தான். வெட்டிய தடமே இல்லை. திரும்பும் வழியில் திருவரங்கரின் ஆட்கள் இருவர் தன்னைப் பின்தொடர்வதையும் கவனித்தான்.

மறுநாள் சபையில் குயவர்கள் குற்றமற்றவர்கள் என்றான். திருவரங்கரோ அரசரின் காதோரம் குனிந்து, விகடனுக்கும் சதியில் பங்கிருக்கலாம் என்றார். அரசரின் முகம் கறுத்தது.

"அப்படியானால் உண்மைக் குற்றவாளியை நாளை உச்சிப்பொழுதுக்குள் என் முன் நிறுத்து. தவறினால் நீயும் அவர்களோடு ஊரைவிட்டுப் போ."

ஊருக்கு வெளியே பனந்தோப்பில் நனைந்து கிடந்த குயவர்களிடம் மாசிலான் ஒரு குடம் கேட்டான். குடத்தைக் கொடுத்த பூங்காவனம், "எங்களுக்காக நீங்க ஊரை விட்டுப் போக வேணாம் சாமி" என்றாள். அவன் சிரிக்க முயன்றான், வரவில்லை.

உச்சிப்பொழுதில் ஆற்றுநீர் நிறைந்த அந்தக் குடத்தை அரசர் முன் வைத்தான்.

"அரண்மனைக்குள் அத்துமீறி நுழைந்த குற்றவாளி இதுதான், அரசே."

சபை நகைத்தது. அரசர் நகைக்கவில்லை. "தண்ணீரை எப்படி விசாரிப்பது?"

"அதற்குப் பேசத் தெரியாது. நடக்கத் தெரியும். ஆற்று மதகைச் சாண் அளவு திறக்க உத்தரவிடுங்கள். எங்கே போகிறதென்று பின்னாலேயே போய்ப் பார்ப்போம்."

மதகு திறந்தது. தண்ணீர் குயவர் தெருப் பக்கம் திரும்பாமல், நேரே தலைவர் புதிதாக அமைத்த மாளிகை வீதிக்குள் பாய்ந்து, அவர் வீட்டு வாசலில் குளம்போலத் தேங்கியது. பிறகு மெல்ல அரண்மனைப் பக்கம் நகரத் தொடங்கியது.

"ஏன் இங்கே தேங்கிவிட்டு என் அரண்மனைக்குப் போகிறது?" என்றார் அரசர்.

"இதுதான் அதன் வீடு, அரசே. இங்கிருந்த அல்லிக்குளத்தைத் தூர்த்துத்தான் தலைவர் வீதி போட்டார். வீட்டைப் பறிகொடுத்தவன் அரசரிடம் முறையிட வருவது வழக்கம்தானே?"

திருவரங்கர் பட்டு வேட்டியை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்தக் கோலத்தைப் பார்த்ததும் அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, மாளிகைகளை இடித்துக் குளத்தை மீண்டும் வெட்டவும், குயவர்கள் ஊருக்குள் திரும்பிக் குடியேறும்வரை தேர்தலை நிறுத்தி வைக்கவும் ஆணையிட்டார். தம் முத்துமாலையைக் கழற்றி மாசிலானுக்கு அணிவித்தார்.

மாசிலான் வணங்கி வாங்கிக்கொண்டான். ஆனால் வீட்டுக்குப் போகவில்லை. இன்று சிரித்த அரசர் நாளை மறந்துவிட்டால்? கழுத்தில் முத்துமாலையோடு சேற்றிலேயே நின்று, தலைவர் வீட்டு முதல் படிக்கல் பெயர்ந்ததைக் கண்ணால் கண்ட பிறகுதான் சாப்பிடப் போனான்.