கோணக்குளத்து மைக் செட்டும் ஒரு கடைவாய்ப் பல்லும்

கோணக்குளத்துக்காரர்களுக்கு மூளை இல்லை என்று சொல்வது அநியாயம். இருக்கிறது. பத்திரமாக இருக்கட்டும் என்று யாரும் அதை எடுத்துப் புழங்குவதில்லை, அவ்வளவுதான்.

அந்த ஊரில் ஒரு மைக் செட் உண்டு. வண்டி ஓட்டுவது பூவலிங்கம். மரத்தில் ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டுவது இசக்கிராசா. மைக்கில் பேசுவது தங்கப்பழம். வெள்ளிக்கிழமை அம்மன் கோயில் கொடை விழா. அதற்கு நாலு நாள் இருக்கும்போது தங்கப்பழத்துக்குக் கடைவாய்ப் பல் வலி வந்து கன்னம் இட்லி மாதிரி உப்பிவிட்டது. அவன் பேசாவிட்டால் பக்கத்து ஊர் செட்டைக் கூப்பிட்டுவிடுவோம், அப்புறம் எந்தக் கொடைக்கும் உங்களுக்கு வேலை கிடையாது என்று விழாக் கமிட்டி கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. மூன்று பேரும் அன்றைக்கே டவுனுக்கு பஸ் ஏறினார்கள்.

பல் டாக்டர் ரெஜினா பொறுமைசாலி. கொடை, கமிட்டி, மைக் எல்லாக் கதையையும் கேட்டுவிட்டுத் தங்கப்பழத்தை நாற்காலியில் சாய்த்து, "வாயை நல்லாத் திறங்க. நான் சொல்ற வரைக்கும் மூடக் கூடாது" என்றார். பார்த்து முடித்ததும் பேனாவை எடுத்துக்கொண்டு, "இதுக்கு முன்னாடி என்னென்ன நோய் இருந்திருக்கு, என்ன ஆபரேஷன் நடந்திருக்கு? வீட்ல உள்ளவங்களுக்கும் சேர்த்துச் சொல்லுங்க. எதையும் மறைக்காதீங்க" என்றார்.

தங்கப்பழம் வாயை மூடவில்லை. அவர்தான் இன்னும் மூடச் சொல்லவில்லையே.

"ஏலே இசக்கி, இவனால இப்ப சொல்ல ஏலாது. நாமதான் சொல்லணும்" என்றான் பூவலிங்கம்.

"இவன் நோய் நமக்கு எப்படிலே தெரியும்?"

"தெரியாததச் சொன்னாத்தான் தப்பு. தெரிஞ்சதச் சொல்லுவோம்."

"நமக்குத் தெரிஞ்சது நம்ம நோய்தானலே?"

"அதத்தாம்லே நானும் சொல்லுதேன்."

பூவலிங்கம் கையைக் கட்டிக்கொண்டு தன் ஆஸ்துமாவைச் சொன்னான், குடலிறக்க ஆபரேஷனைச் சொன்னான், தன் மனைவியின் இரண்டு சிசேரியன் பிரசவத்தையும் சொன்னான். இசக்கிராசாவுக்கு ஆயுசில் ஒரு நோயும் வந்ததில்லை. அந்த வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு, "சின்ன வயசுல ஒருதரம் விக்கல் வந்துச்சு" என்றான்.

டாக்டர் ஆஸ்துமா எழுதினார், குடலிறக்கம் எழுதினார், சிசேரியன் என்று பாதி எழுதியவர் நிறுத்திவிட்டுத் தங்கப்பழத்தின் மீசையைப் பார்த்தார்.

"யாருக்குங்க இதெல்லாம்?"

"எங்களுக்குத்தான் டாக்டரம்மா. மறைக்கக் கூடாதுன்னியளே."

எழுதியதையெல்லாம் அடித்துவிட்டு, தங்கப்பழத்தை வாயை மூடச் சொல்லி, அவனிடமே கேட்டார். இரண்டு வருஷமாகச் சர்க்கரை நோய் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. ரத்தத்தைச் சோதித்தால் அளவு எக்கச்சக்கம்.

"இப்பப் பிடுங்கினா புண் ஆறாது. சர்க்கரை மாத்திரையை ஒழுங்காச் சாப்பிடுங்க. வீக்கத்துக்கும் வலிக்கும் நானும் மாத்திரை தர்றேன். வியாழக்கிழமை வாங்க, பார்க்கலாம். வரும்போது நீங்க சாப்பிடுற மாத்திரை எல்லாத்தையும் கொண்டு வாங்க, ஒண்ணுகூட விடாம."

திரும்பும் பஸ்ஸில் பெரிய விவாதம்.

"சாப்பிடவும் சொல்லுதாவ, கொண்டு வரவும் சொல்லுதாவ. முழுங்கின மாத்திரைய எப்படிலே கொண்டு போவ?" என்றான் இசக்கிராசா.

"எதக் கடைசியாச் சொன்னாவளோ அதுதான் செல்லும்" என்று பூவலிங்கம் தீர்ப்புச் சொன்னான்.

பாவம் தங்கப்பழம். வலி மாத்திரையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டே மூன்று நாளும் சுவரில் முட்டிக்கொண்டு அழுதான். கை தவறி ஒன்றை விழுங்கிவிடுவானோ என்று மற்ற இருவரும் மாறி மாறிக் காவல் இருந்தார்கள். நல்ல சிநேகிதர்கள், குறை சொல்லக் கூடாது.

வியாழக்கிழமை தங்கப்பழத்தால் வாயைத் திறக்கவே முடியவில்லை. டாக்டர் பழைய குறிப்பைப் பார்த்துக்கொண்டு, "போன தடவைக்கு அப்புறம் ஏதாவது மாறியிருக்கா?" என்று கேட்டார்.

"மாறியிருக்கு டாக்டரம்மா. ஆம்ப்ளிபயர்ல வயரு மாத்தினோம்" என்றான் பூவலிங்கம்.

"இவர் உடம்புல என்ன மாறியிருக்குன்னு கேட்டேன்."

இருவரும் தங்கப்பழத்தைச் சுற்றிச் சுற்றி வந்து கவனமாகப் பார்த்தார்கள்.

"சட்டை மாறியிருக்கு. அன்னைக்குப் போட்டிருந்தது கட்டம் போட்டது."

டாக்டர் அதை எழுதிக்கொள்ளவில்லை என்பதில் பூவலிங்கத்துக்குக் கொஞ்சம் வருத்தம். மாத்திரைகளைக் கேட்டார். இசக்கிராசா பையைக் கவிழ்த்தான். அட்டை அட்டையாக, ஒன்றுகூடக் குறையாமல் மேஜையில் விழுந்தன. டாக்டர் அவற்றை எண்ணாமல் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சர்க்கரை முன்னைவிட ஏறியிருந்தது.

"இன்னைக்குப் பிடுங்கவே முடியாது. இவர் இங்கேயே, என் கண் முன்னாடி மாத்திரை சாப்பிடட்டும். நாளைக்கு மைக்ல இவர் பேசக் கூடாது. உடம்பு நல்லா இருக்கிற வேற யாராவது பேசட்டும்."

தங்கப்பழத்தின் கண்ணில் நீர் முட்டியது. பூவலிங்கம் அவனையும் இசக்கிராசாவையும் வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனான். சிறிது நேரம் குசுகுசுவென்று பேச்சு. திரும்பி வந்தபோது மூன்று முகத்திலும் தெளிவு.

"நீங்க சொன்னதுதான் சரி டாக்டரம்மா. எங்கள்ல நோய் நொடி இல்லாதவன் இசக்கிதான். நாளைக்கு அவன்தான் பேசுதான்."

"நல்லது" என்று சொல்லிவிட்டு டாக்டர் தண்ணீர் எடுக்கத் திரும்பினார். மறுபடி பார்க்கும்போது இசக்கிராசா நாற்காலியில் ஏறிச் சாய்ந்து வாயைத் திறந்திருந்தான்.

"நீங்க ஏன் ஏறினீங்க?"

"மைக்ல பேசுதவன் பல்லப் புடுங்கத்தானே டாக்டரம்மா ரெண்டு தடவ பஸ் ஏறி வந்தோம்?" என்றான் பூவலிங்கம். "மாறியிருந்தாச் சொல்லச் சொன்னியள்லா, எழுதிக்கிடுங்க. இப்ப ஆளு மாறியிருக்கு."

டாக்டர் இசக்கிராசாவின் வாய்க்குள் எட்டிப் பார்த்தார். முப்பத்திரண்டும் முத்து முத்தாக இருந்தன.

"உங்களுக்கு எந்தப் பல்லு வலிக்குது?"

இசக்கிராசா இடது கடைவாயைத் தொட்டுக் காட்டி, நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த தங்கப்பழத்தை இரக்கத்தோடு பார்த்தான்.

"இதுதான் டாக்டரம்மா. அவனுக்கு உயிர் போவுத வலி. சட்டுனு புடுங்குங்க, பாவம்."