கரடிக்கு இனித்த குட்டை

ஒரு காட்டில் அந்த ஆண்டு கோடை மழையே பெய்யவில்லை, குழந்தைகளே. சுனைகள் எல்லாம் வற்றிவிட்டன. தண்ணீர் தேடிக் கரடி புறப்பட்டது. அது பொய் பேசாத கரடிதான். ஆனால் தான் சொன்னால் சொன்னதுதான் என்று நிற்கும்.

வழியில் பசிக்கு நெல்லிக்காய்களை வயிறு முட்டத் தின்றது. சற்றுத் தள்ளி ஒரு குட்டை தெரிந்தது. குனிந்து குடித்தது. தேனாய் இனித்தது.

ஓடிவந்து மற்ற விலங்குகளிடம், “கிழக்கே ஒரு குட்டை இருக்கிறது. தண்ணீர் அவ்வளவு இனிப்பு” என்றது.

“மேற்கே மலைக்கு அப்பால் ஒரு மடு உண்டு என்பார்களே?” என்று கேட்டது புள்ளிமான். அதன் குட்டி தாகத்தால் வாடிக் கிடந்தது.

“அது எப்படி இருக்குமோ, யார் கண்டது? இதை நான் குடித்தே பார்த்துவிட்டேன்.”

விடிந்ததும் விலங்குகள் கிளம்பி, வெயிலில் அரை நாள் நடந்தன. புள்ளிமான் குட்டையில் வாய் வைத்தது, உடனே துப்பியது.

“உப்புக் கரிக்கிறது, கரடியண்ணே. குட்டி இதைக் குடிக்காது.”

முயலும் குடித்துவிட்டு முகம் சுளித்தது.

கரடிக்குக் கோபம் வந்தது. “என் நாக்கு பொய் சொல்லுமா? உங்கள் நாக்கில்தான் ஏதோ கோளாறு.”

முள்ளம்பன்றி மெதுவாகக் கேட்டது: “நேற்றுக் குடிப்பதற்கு முன் என்ன தின்றாய்?”

“நெல்லிக்காய்.”

“இப்போது ஒரு வாய் குடித்துப் பார்.”

கரடி குடித்தது. அதன் முகம் மாறியது. மான்குட்டி கால் துவண்டு மணலில் படுத்துவிட்டிருந்தது. அதைப் பார்க்கவே கரடிக்குக் கூச்சமாக இருந்தது.

“நேற்று இனித்தது நிஜம்” என்றது சன்னமாக.

“நெல்லிக்காய் தின்ற வாய்க்கு எந்தத் தண்ணீரும் இனிக்கும். உனக்கு இனித்தது நிஜம்தான். தண்ணீரே இனிப்பு என்று சொன்னாய் பார், அங்கேதான் தவறிவிட்டாய்” என்றது முள்ளம்பன்றி.

கரடி மான்குட்டியை முதுகில் ஏற்றிக்கொண்டு மேற்கே நடந்தது. மற்றவை பின்னால் வந்தன. மறுநாள் காலை மலையைத் தாண்டியதும் மடு தெரிந்தது.

கரடி ஒரு வாய் குடித்தது. இனித்தது. ஆனாலும் ஒன்றும் சொல்லாமல் ஒதுங்கி நின்றது. மான் குடித்தது, முயலும் முள்ளம்பன்றியும் குடித்தன. குட்டி தலையை எடுக்காமல் குடித்துக்கொண்டே இருந்தது.

“எப்படி இருக்கிறது?” என்று கேட்டது கரடி.

“நல்ல தண்ணீர், அண்ணே” என்றது மான்.

நீதி: நமக்குத் தோன்றுவது பொய்யல்ல, ஆனால் அது மட்டுமே முழு உண்மையும் அல்ல. பிறர் அறிந்ததையும் கேட்ட பிறகே ஒன்றை இன்னதென்று சொல்ல வேண்டும்.