தவலைக்குள் இடம் போட்ட கல்

அந்தக் காலத்தில் தண்ணீருக்கும் வாய் இருந்தது, கல்லுக்கும் வாய் இருந்தது, அடுப்பில் உட்கார்ந்திருக்கும் தவலைக்கும் வாய் இருந்தது. இவை பேசி முடிப்பதற்கே பொழுது போய்விடும் என்பதால் மனிதர்கள் கொஞ்சம் குறைவாகத்தான் பேசினார்கள்.

ஒரு கிணற்றின் அடியில் சுண்ணாம்புக்கல் ஒன்று கிடந்தது. அதற்கு நகரத் தெரியாது. பக்கத்தில் ஓடும் ஊற்றுத் தண்ணீர்தான் ஒரே கூட்டாளி.

"மேல என்னதான்டா இருக்கு?" என்று கல் தினமும் கேட்கும்.

"வெயில் இருக்கு, வாழைத்தோப்பு இருக்கு, கூத்துக் கொட்டகை இருக்கு" என்று தண்ணீர் தினமும் சொல்லும். ஒருநாள் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், "சரி, பொடிப்பொடியா என் மேல ஏறிக்க. கூட்டிட்டுப் போறேன். ஊரைப் பாத்து வாயைப் பொளந்து மானத்தை வாங்கிராத" என்றது.

கல் கரைந்து ஏறிக்கொண்டது. பார்த்தால் தெரியாது. குடித்தால்தான், இந்தத் தண்ணீர் ஏன் நாக்கில் இப்படிக் கனக்கிறது என்று தோன்றும்.

அந்தத் தண்ணீரை இறைத்து, தன் செப்புத் தவலையில் ஊற்றி அடுப்பு மூட்டினாள் பூவாயி. அந்தத் தவலை, கல்யாணத்தில் அவள் அப்பா சீராகக் கொடுத்தது. கொஞ்ச நேரத்தில் தண்ணீருக்குச் சூடு தாங்கவில்லை.

"டேய் கல்லு, நான் ஒரு எட்டு மேல போய்க் காத்து வாங்கிட்டு வந்துடறேன். எனக்கு இடம் போட்டு வை."

கூத்துப் பார்க்கப் போகிற ஊர்க்காரர்கள் துண்டு விரித்து இடம் பிடிப்பதைத் தண்ணீர் பார்த்திருக்கிறது. கல் எதைக் கண்டது? "எப்படிப் போடறது?" என்று கேட்டது.

"ஒட்டி உக்காந்துக்க. யாராவது எழுப்பினா 'ஆள் வருது'ன்னு சொல்லு. அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு ஆவியாக ஏறியது தண்ணீர். வெளியே நின்ற காற்று அதைக் கிழக்கே தள்ளிக்கொண்டு போய்விட்டது.

கல் தவலையின் அடியில் ஒட்டி உட்கார்ந்தது. மறுநாள் ஊற்றிய தண்ணீரிலும் கல் பொடி வந்தது. அதற்கும் அதே சேதி. "மேல உக்காருப்பா, ஆள் வருது" என்று பழையது சொல்ல, புதியது அதன் தோளில் உட்கார்ந்தது. ஆறு மாதத்தில் தவலைக்குள் விரல் கனத்துக்கு வெள்ளையாக ஒரு கூட்டம்.

இதற்கிடையில் பூவாயியின் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். குழந்தை பிறந்து பத்து நாள். வெந்நீர் வேண்டும். தவலையோ ஒரு கட்டு விறகைத் தின்றும் வெதுவெதுப்புக்கு மேல் போகவில்லை.

பூவாயியின் புருஷன் சென்னியப்பனுக்குப் பொறுமை போய்விட்டது. "ஏம்புள்ள, வெள்ளிக்கிழமை சந்தைக்குப் பாத்திரம் உருக்கறவரு வர்றாரு. இதைப் போட்டுட்டுப் புதுசு வாங்கிக்கலாம்."

"எங்கய்யன் குடுத்ததுங்க."

"உங்கய்யன் குடுக்கறப்ப இது தவலை. இப்ப பாறை."

வெள்ளிக்கு ஒருநாள்தான் இருந்தது. பூவாயி செங்கல் தூள் போட்டுத் தேய்த்தாள். தேங்காய் நாரால் தேய்த்தாள். கடைசியில் அரிவாள் நுனியால் சுரண்டினாள். "ஆள் வருது! ஆள் வருது!" என்று கூட்டம் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

"அம்மணி, அரிவாளை வெச்சிருங்க. உருக்கறதுக்கு முந்தி நீங்களே என் வயித்தைக் கிழிச்சிருவீங்களாட்ட இருக்கு" என்று தவலை அழுதது.

பூவாயி கொல்லைப்புறம் போய்ப் புளியமரத்தடியில் உட்கார்ந்தாள். கிளையில் தொங்கிய பழம் ஒன்று எட்டிப் பார்த்தது.

"ஏனுங்க அம்மணி, மூஞ்சி என்னைவிடப் புளிச்சுக் கெடக்குது?"

அவள் சொன்னாள். பழம் யோசித்தது. "அது அதட்டினா எந்திரிக்கற கூட்டம் இல்லீங்க. என்னைக் கரைச்சு உள்ள ஊத்துங்க. பேசிப் பாக்கறேன்."

"செப்புப் பாத்திரத்துல புளி ஊத்தக் கூடாதே."

"சமைக்கத்தான் கூடாது. பேசறதுக்கு என்ன?"

பூவாயி ஒருமுறை வாசல் பக்கம் பார்த்தாள். யாரும் இல்லை. கரைத்து ஊற்றி மூடியும் போட்டாள்.

"இங்க ஆள் வருது" என்றது கூட்டம்.

"வரட்டும், வரட்டும். எப்ப வர்றேன்னு சொன்னாரு?"

கற்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. ஆறு மாதத்தில் ஒருவரும் அதைக் கேட்டதில்லை.

"மறந்திருப்பானோ?" என்றது அடியில் இருந்த முதல் கல், மெதுவாக.

"மறக்கலீங்க. ஐப்பசியில மழையா வந்து எங்க மரத்து வேர்ல எறங்கினாரு. 'என் கூட்டாளி ஒரு தவலையில உக்காந்திருக்கான், எந்தத் தவலைன்னு மறந்துட்டேன்'னு அழுதாரு. வாய்க்கால், வாழைக்குழி, குட்டைன்னு ஊரெல்லாம் சுத்தித் தேடறாரு. நீங்க அடுப்பு மேல இடம் போட்டு வெச்சிருக்கீங்களே, நெருப்புல வந்து யாருங்க உக்காருவா?"

ஓரத்தில் இருந்த பொடிக்கல் ஒன்று பக்கென்று சிரித்தது. "அட ஆமாடா! இத்தனை நாளா இங்கயா இடம் பிடிச்சோம்?" பக்கத்துக் கல் சிரித்தது. அதற்குப் பக்கத்ததும். சிரிக்கிறவனால் எதையும் இறுக்கிப் பிடிக்க முடியுமா? புஸ்புஸ்ஸென்று நுரை பொங்க, பிடி நழுவி எல்லாம் கழன்றன.

பூவாயி மூடியைத் திறந்தால் ஒரே நுரை. அப்படியே தூக்கிப் போய் வாழைக்குழியில் கொட்டினாள்.

"எங்கடா போய்த் தொலைஞ்ச?" என்று குழிக்குள் ஒரு குரல்.

"நீ எங்கடா இருந்த?" என்று இன்னொரு குரல்.

வெள்ளிக்கிழமை காலையில் சென்னியப்பன் சாக்கோடு வந்தான். தவலை அடுப்பில் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. அடியில் எரிந்தது இரண்டே பனையோலை. எட்டிப் பார்த்தால் உள்ளே பளபளத்த செப்பில் அவன் முகம் சிவப்பாகத் தெரிந்தது.

"இது யார் வீட்டுத் தவலை புள்ள?"

"நம்மளுதுதானுங்க. சந்தைக்கு நேரமாச்சு, தூக்குங்க."

"அட, சும்மா இரு" என்று சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, குழந்தையைக் குளிப்பாட்ட வெந்நீர் மொண்டுகொண்டு போனான்.

ஆனால், கிணற்றிலிருந்து தினமும் புதிதாக வருகிற பொடிக்கு இந்தக் கதை தெரியாதே. அன்று முதல்தான், தவலையோ குழாய் வாயோ ஹீட்டர் கம்பியோ, தண்ணீர் விட்டுவிட்டுப் போன இடத்திலெல்லாம் அது வெள்ளையாக ஒட்டிக்கொண்டு கூட்டாளிக்கு இடம் போட்டு வைக்கிறது. புளி போய்ச் சேதி சொன்னதும், நுரைக்க நுரைக்கச் சிரித்துவிட்டு அவனைத் தேடிக் கிளம்புகிறது.